தத்துவப் பட்டப்படிப்புக்குத் திட்டம் போட்டுக் கொடுத்த சேவை: நாலு செமஸ்டர் கழித்து ஒரு விமர்சனம்

இந்த மாதிரிச் சேவைகளுக்கு வரும் மதிப்பீடுகள் பெரும்பாலும் வாங்கின மறுநாளே எழுதப்பட்டவை. "அருமையாகப் பேசினார், தெளிவு கிடைத்தது, ஐந்து நட்சத்திரம்" என்று இருக்கும். மறுநாள் யாருக்குத்தான் தெளிவு கிடைக்காது? போட்ட திட்டம் சரியா என்பது நாலு செமஸ்டர் ஓடின பிறகுதானே தெரியும். நான் இப்போது மூன்றாம் வருடத்தில் கால் வைத்திருக்கிறேன். அவர்கள் கொடுத்த தாள் இன்னும் என் மேசை டிராயரில்தான் கிடக்கிறது, பாதிக்கு மேல் பேனாவால் அடித்துத் திருத்தியபடி. எதை அடித்தேன், எதை அடிக்காமல் விட்டேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இளநிலைப் பட்டம் படிக்கப் போகிறவர்களுக்கு, அந்தத் துறையிலேயே படித்த ஒருவரை வைத்துப் பாடத்திட்டம் வகுத்துக் கொடுக்கிற ஆன்லைன் சேவை, அவ்வளவு தெரிந்தால் போதும். பேக்கேஜில் இருந்தவை: ஒரு கேள்விப்பட்டியல், அதிலிருந்து தயாராகும் ஒரு அறிக்கை, மூன்று வீடியோ அமர்வுகள், முழுப் பட்டத்துக்கும் செமஸ்டர் வாரியாக ஒரு திட்டம், அப்புறம் ஒரு வருடத்துக்கு மின்னஞ்சலில் சந்தேகம் கேட்கும் வசதி.

கேள்விப்பட்டியலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். "தனிமையில் சிந்திக்கப் பிடிக்குமா?" "வாழ்க்கையின் அர்த்தம் பற்றி அடிக்கடி யோசிப்பீர்களா?" இந்த ரகத்தில் நாற்பது. யோசிக்க மாட்டேன் என்று எவன் சொல்வான்? வந்த அறிக்கையில் முதல் பக்கத்தில் என் பெயர் இருந்தது, ஏழாம் பக்கத்தில் வேறு யாரோ ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. கடைசிப் பக்கத்தில் தத்துவம் படித்தவர்களுக்கான வேலைகள் என்று ஒரு பட்டியல், அதில் வக்கீல், பத்திரிகையாளர், மேலாண்மை ஆலோசகர் என்று எழுதியிருந்தார்கள். எந்தப் பட்டம் படித்தாலும் அந்தப் பட்டியலை ஒட்டிவிடலாம்.

முதல் அமர்வில்தான் கதை மாறியது. ஆலோசகர் மேடம் தத்துவத்தில் ஆராய்ச்சி வரைக்கும் போனவர். அறிக்கையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "இதுவரைக்கும் என்ன படிச்சிருக்கீங்க?" என்றார். நான் கொஞ்சம் வீடியோக்கள் பார்த்திருக்கிறேன், நீட்சே பற்றித் தெரியும், என்று இழுத்தேன். "பத்தி இல்லை, எதைப் படிச்சீங்க?" பதில் இல்லை. சரி என்று ஒரு கட்டுரையை அனுப்பினார். எட்மண்ட் கெட்டியர் 1963-ல் எழுதியது, மொத்தமே மூன்று பக்கம். "படிச்சிட்டு, இவர் சொல்றதுல எந்த இடம் உங்களுக்கு உறுத்துதுன்னு ஒரே ஒரு பக்கம் எழுதி அனுப்புங்க. அதுக்கப்புறம் திட்டம் போடலாமா வேண்டாமான்னு பேசுவோம்."

கட்டுரை தெரியாதவர்களுக்காக: ஒன்றை நாம் அறிகிறோம் என்றால் என்ன? அதை நம்ப வேண்டும், அது உண்மையாக இருக்க வேண்டும், நம்புவதற்குத் தக்க காரணமும் இருக்க வேண்டும், இந்த மூன்றும் சேர்ந்தால் அறிவு என்று ஒரு வரையறை இருந்தது. பிளேட்டோவின் உரையாடல்களிலேயே அதன் சாயல் உண்டு. கெட்டியர் இரண்டே உதாரணங்களில் அதைக் கவிழ்த்துவிட்டார். அவருடைய உதாரணங்களைவிட எளிமையானது தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1948-ல் சொன்ன ஒரு கடிகாரம். கடிகாரம் நின்றுபோயிருக்கிறது, உங்களுக்குத் தெரியாது. அது எந்த நேரத்தில் நின்றதோ அதே நேரத்தில் தற்செயலாக நீங்கள் அதைப் பார்த்து மணியைத் தெரிந்துகொள்கிறீர்கள். நம்பிக்கை இருக்கிறது, அது உண்மையும்கூட, கடிகாரத்தைப் பார்த்தது நியாயமான காரணம்தான். ஆனாலும் உங்களுக்கு மணி தெரியும் என்று சொல்ல வாய் வருகிறதா?

நான் ஒரு பக்கம் எழுதினேன். "மனிதகுலம் தோன்றிய நாள் முதல் அறிவைப் பற்றிய தேடல் தொடர்ந்துகொண்டே இருக்கிறது" என்று ஆரம்பித்திருந்தேன். அதை முழுசாக அடித்து, பக்கத்தில் "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று எழுதித் திருப்பி அனுப்பினார். அடுத்த வாக்கியத்தில் நான் கெட்டியர் சொல்லாத ஒன்றை அவர் சொன்னதாக எழுதியிருந்தேன், அதற்கு வட்டம். மூன்றாம் பத்தியில் இரண்டு எதிர்வாதங்களைக் கலந்து குழப்பியிருந்தேன், அதற்கு "எது? ரெண்டுல ஒண்ணை எடுங்க." மொத்தத்தில் ஒரு பக்கத்தில் எனக்கென்று மிஞ்சியது நாலு வரி. அந்த நாலு வரிக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு டிக்.

என் கணக்கில் முழுப் பேக்கேஜும் அந்த ஒரு பக்கத்துக்குத்தான் தகும். தத்துவப் பட்டம் என்பது நடைமுறையில் இதுதான், வாரா வாரம் இதேதான்: ஒரு சின்னக் கட்டுரையைத் திரும்பத் திரும்பப் படிப்பது, அதில் ஆசிரியர் உண்மையில் என்ன சொல்கிறார் என்று கண்டுபிடிப்பது, எங்கே ஓட்டை என்று ஒரு பக்கம் எழுதுவது, திட்டு வாங்குவது, திரும்ப எழுதுவது. ஞானம் வரும், வாழ்க்கைக்கு வழி தெரியும் என்று நினைத்துச் சேர்ந்தவர்கள் என் வகுப்பில் இருந்தார்கள், முதல் வருட முடிவில் பாதிப் பேர் வேறு மேஜருக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. அந்த ஒரு பக்கப் பயிற்சியை முன்னாலேயே யாராவது கொடுத்திருந்தால் அவர்களுக்கு ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும். அந்தத் தாள் சிவப்பாகத் திரும்பி வந்ததும் எனக்குக் கோபம் வந்தது, உடனே உட்கார்ந்து பதில் எழுதத் தோன்றியது. உங்களுக்கும் அப்படித் தோன்றினால் மேற்கொண்டு படியுங்கள்.

இரண்டாம் அமர்வு, திட்டம். தாளில் இன்றுவரை அடிக்காத முதல் வரி: முதல் செமஸ்டரிலேயே தர்க்கம்.

தர்க்கம் என்றதும் பட்டிமன்றம் ஞாபகத்துக்கு வரும். இது வேறு. ஒரு கூற்று எப்போது உண்மை, எப்போது பொய் என்று மெய்மை அட்டவணை போடுவது, வாக்கியங்களைக் குறிகளாக மாற்றுவது, "எல்லாம்", "சில" போன்ற சொற்களை எப்படிக் கையாள்வது, தரப்பட்ட கூற்றுகளிலிருந்து முடிவுக்குப் படிப்படியாக இறங்குவது. பார்க்க அல்ஜீப்ரா மாதிரி இருக்கும். 1879-ல் இதற்கு இன்றைய அடித்தளம் போட்ட ஃப்ரேகே ஒரு கணிதப் பேராசிரியர். கணக்குப் பிடிக்காது என்றே தத்துவத்துக்கு வந்தவர்கள் இதைக் கடைசி வருடத்துக்குத் தள்ளிப்போடுவார்கள், தள்ளிப்போட்டவர்கள் நடுவில் படும் பாட்டைக் கண்ணால் பார்த்தேன். இரண்டாம் வருடத்திலேயே கட்டுரைகளில் குறிகள் வர ஆரம்பித்துவிடும், அந்தப் பத்திகளைத் தாண்டிப் படித்தால் வாதமே கைக்கு வராது. ஒரு உதாரணம் போதும். "ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு விடை இருக்கிறது" என்பதிலிருந்து "எல்லாக் கேள்விக்கும் சேர்த்து ஒரே விடை இருக்கிறது" என்று தாவ முடியாது. இப்படிச் சொன்னால் எல்லாருக்கும் தெரிகிறது. "ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு, ஆகவே எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே காரணம் உண்டு" என்றால் பாதிப் பேர் தலையாட்டிவிடுவார்கள். அதே தாவல்தான்.

தர்க்கத்துக்கு மட்டும் கடைசி நேரப் படிப்பு உதவாது, தினமும் நாலு கணக்குப் போட்டாக வேண்டும். பி. டி. மாக்னஸ் எழுதிய ஃபார் ஆல் எக்ஸ் என்ற பாடநூல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, சேரும் முன்னாலேயே முதல் சில அத்தியாயங்களைப் போட்டுப் பாருங்கள் என்று மேடம் சொன்னார். போட்டுப் பார்த்தேன். முதல் செமஸ்டரை அதுதான் காப்பாற்றியது.

அடிக்காத இரண்டாவது விஷயம் வரிசை. பெரும்பாலான துறைகளில் கட்டாயப் பாடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான்: தர்க்கம், பழைய கிரேக்கத் தத்துவம், டெகார்ட்டிலிருந்து காண்ட் வரைக்குமான நவீனத் தத்துவம், அறவியல், அறிவைப் பற்றியும் இருப்பைப் பற்றியும் ஒன்றிரண்டு. மற்றதெல்லாம் எலக்டிவ். எதையும் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று அட்டவணை சொல்லும், நம்பாதீர்கள். டெகார்ட்டின் 'சிந்தனைகள்' என்ற நூல் 1641, ஹியூமின் 'விசாரணை' என்ற நூல் 1748, காண்ட்டின் பெரிய புத்தகம் 1781. இந்த வரிசை சும்மா தேதி வரிசை கிடையாது, ஒவ்வொருவரும் முன்னால் போனவரோடு சண்டை போடுகிறார்கள். தன்னைத் தூக்கத்திலிருந்து எழுப்பியவர் ஹியூம்தான் என்று காண்ட் தாமே எழுதியிருக்கிறார். ஹியூமைப் படிக்காமல் காண்ட்டில் இறங்குவது, போனில் ஒரு பக்கப் பேச்சை மட்டும் ஒட்டுக்கேட்கிற மாதிரி.

இனி அடித்தவை.

காண்ட் கருத்தரங்குப் பாடத்தை எனக்கு மூன்றாம் செமஸ்டரில் போட்டிருந்தார்கள். பல்கலைக்கழகத்தின் பாடப் பட்டியலில் அது இருந்தது உண்மை. ஆனால் பட்டியலில் இருப்பது வேறு, அந்த வருடம் நடப்பது வேறு. அதை நடத்தும் பேராசிரியர் விடுப்பில் போனால் பாடமும் அவரோடு போய்விடும், சில பாடங்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் வரும். தத்துவத் துறைகள் பெரும்பாலும் சின்னவை, ஒரு ஆள் இல்லையென்றால் ஒரு நூற்றாண்டே காணாமல் போகும். திட்டம் போட்டவர்கள் கடந்த மூன்று நாலு வருடக் கால அட்டவணையை எடுத்துப் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. அந்த ஒரு பாடத்தை நம்பி அதன்மேல் கட்டியிருந்த இரண்டு பாடங்களும் சரிந்தன. நீங்கள் செய்ய வேண்டியது சுலபம்: துறை அலுவலகத்துக்கு ஒரு மெயில், "கடைசியாக இந்தப் பாடம் எப்போது நடந்தது, அடுத்து எப்போது?" எனக்கு ஒரே நாளில் பதில் வந்தது.

அப்புறம் சுமை. தத்துவத்தில் பக்கங்கள் குறைவு, ஆகவே ஐந்து பாடம் எடுக்கலாம் என்ற கணக்கில் போட்டிருந்தார்கள். வாரத்துக்கு முப்பது பக்கம்தான் என்பது சரிதான். ஆனால் காண்ட்டின் பத்துப் பக்கத்துக்கு ஒரு முழு மாலை போகும், அதற்குப் பிறகும் என்ன படித்தோம் என்று கேட்டால் திணறுவோம். தவிர எல்லாப் பாடத்திலும் மதிப்பெண் கட்டுரையில்தான், நாலு கட்டுரை ஒரே வாரத்தில் வந்து நிற்கும். முதல் வருடத்தில் தத்துவம் இரண்டு பாடத்துக்கு மேல் ஒரே செமஸ்டரில் வேண்டாம், கூடவே கணக்குப் போடுகிற அல்லது ஆய்வகம் போகிற மாதிரி வேறு ஏதாவது இருக்கட்டும், மூளையின் வேறு பக்கம் வேலை செய்யும்.

பெரிய மனக்குறை இதுதான். முழுத் திட்டத்திலும் கிரேக்கத்தில் ஆரம்பித்து ஜெர்மனி, இங்கிலாந்து வழியாக அமெரிக்காவில் முடிகிறது. இந்திய மரபு, சீன மரபு, அரபு மரபு ஒன்றும் இல்லை. கேட்டதற்கு, "அதெல்லாம் எலக்டிவ்ல பார்த்துக்கலாம்" என்றார் மேடம். நானும் சரி என்றுவிட்டேன். ஒன்றரை வருடம் கழித்து நூலகத்தில் வேறு எதையோ தேடும்போது தர்மோத்தரர் கண்ணில் பட்டார், எட்டாம் நூற்றாண்டு பௌத்தர். அவர் தரும் உதாரணம்: இறைச்சி சுடுவதற்காக நெருப்பு மூட்டியிருக்கிறார்கள், இன்னும் புகை கிளம்பவில்லை, வாசனைக்குப் பூச்சிகள் மொய்க்கின்றன. தூரத்திலிருந்து பார்ப்பவன் அந்தக் கூட்டத்தைப் புகை என்று நினைத்து, அங்கே நெருப்பு இருக்கிறது என்று முடிவு கட்டுகிறான். நெருப்பு இருக்கத்தான் செய்கிறது. அவனுக்கு அது தெரியுமா? எனக்கு ஒரு நிமிடம் மூச்சு நின்றது. முதல் அமர்வில் எனக்குக் கொடுத்த அதே கேள்வி, கெட்டியருக்கு ஏறக்குறைய 1200 வருடம் முன்னால்.

இதற்கு ஒரு மரபே இருக்கிறது. காட்சி, அனுமானம், ஒப்புமை, ஆப்தர் சொல் (நம்பத்தக்கவர் வாக்கு) என்று அறிவுக்கு நாலு வழி வைத்தது நியாயம் என்ற இந்தியத் தத்துவப் பிரிவு, இல்லை இரண்டே போதும் என்றார் பௌத்தரான திக்நாகர், நூற்றாண்டுக்கணக்கில் இருவர் தரப்பும் மோதிக்கொண்டன. நம் மணிமேகலையை எடுத்துக்கொள்ளுங்கள், 27-ம் காதையில் சமயவாதிகள் வரிசையாக வந்து தங்கள் கட்சியைச் சொல்கிறார்கள், 29-ம் காதையில் அனுமானத்தில் வரும் குற்றங்களை வகை பிரித்து அடுக்குகிறார் அறவண அடிகள். பள்ளியில் இதைக் காப்பியம் என்று மட்டும் படித்துவிட்டு, தர்க்கப் பாடத்தில் வந்து போலிக் காரணங்களைப் புதிதாகக் கற்றுக்கொண்டவன் நான். 2016-ல் ஜே கார்ஃபீல்ட், பிரையன் வான் நார்டன் என்ற இரண்டு தத்துவப் பேராசிரியர்கள் ஒரு பத்திரிகைக் கட்டுரை எழுதினார்கள்: மேற்கத்தியத் தத்துவத்தை மட்டும் நடத்தும் துறைகள் தங்கள் பெயரை ஐரோப்பிய அமெரிக்கத் தத்துவத் துறை என்று மாற்றிக்கொள்ளட்டும் என்று. என் திட்டத் தாளின் தலைப்பையும் அப்படித்தான் திருத்தி வைத்திருக்கிறேன். கல்லூரி தேர்ந்தெடுக்கும்போது இதை மட்டும் எலக்டிவ் என்று ஒதுக்காமல், இதை நடத்த ஆள் இருக்கிறாரா என்று முதலிலேயே பாருங்கள். ஆள் இல்லாமல் பட்டியலில் பெயர் மட்டும் இருக்கிற பாடம்தான் இதில் அதிகம்.

மூன்றாம் அமர்வுக்கு அம்மாவையும் உட்கார வைத்தேன். அம்மாவுக்கு ஒரே கேள்வி. "மேடம், இதைப் படிச்சிட்டு இவன் என்ன பண்ணுவான்?" அறிக்கையின் கடைசிப் பக்கத்தைப் படித்துக் காட்டுவார் என்று பயந்தேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நேரா ஒரு வேலைன்னு கிடையாதும்மா. அதனாலதான் கூட இன்னொண்ணு எடுக்கச் சொல்றேன்" என்றார். அந்த நேர்மைக்குத்தான் என் மதிப்பீட்டில் ஒரு நட்சத்திரம் கூடுகிறது. அம்மா முகம் தெளியவில்லை, ஆனால் அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பேச்சு வரும்போதெல்லாம், "அந்த மேடம் பொய் சொல்லலை" என்பார்.

கூட எடுக்க அவர் சொன்னவை கணிதம், கணினி, மொழியியல், அரசியல், சட்டத்துக்கு முன்னோடியான பாடங்கள். தத்துவத்தோடு வேறொன்றைச் சேர்ப்பது புதுப் பழக்கம் அல்ல, அரசியல், பொருளாதாரத்தோடு அதைக் கட்டிக் கொடுக்கும் பட்டம் ஆக்ஸ்ஃபோர்டில் 1920-லேயே வந்துவிட்டது. நான் மொழியியல் எடுத்தேன். அர்த்தம் என்றால் என்ன என்று இரண்டு துறையும் கேட்கிறது, ஒரு வகுப்பில் படித்தது அடுத்த வகுப்புக்கு உதவுகிறது. இது திட்டத்தின் மிகச் சரியான முடிவு. பெயருக்கு ஒரு மைனர் சேர்க்காமல், இரண்டுக்கும் நடுவில் ஒரு பொதுக் கேள்வி இருக்கிறதா என்று பார்த்துச் சேர்ப்பது நல்லது.

அதே அமர்வில் போகிற போக்கில் அவர் சொன்ன ஒன்று தாளில்கூட இல்லை, நானே ஓரத்தில் கிறுக்கி வைத்தது: "தலைப்பைப் பார்த்து மட்டும் பாடம் எடுக்காதீங்க, நடத்துறவங்களையும் பாருங்க." மேற்படிப்புக்கு விண்ணப்பித்தால் இரண்டு மூன்று பேரின் பரிந்துரைக் கடிதமும், எழுதிய கட்டுரை ஒன்றும் கேட்பார்கள். எட்டுப் பேரிடம் ஒவ்வொரு பாடம் படித்திருந்தால் ஒருவருக்கும் நம்மைத் தெரியாது. ஒருவரிடமே இரண்டு மூன்று பாடம் எடுத்து, அவரிடம் ஒரு கட்டுரையை நாலு முறை திருத்தி வாங்கினால் கடிதமும் ஆச்சு, கட்டுரையும் ஆச்சு. கிரேக்கம், ஜெர்மன், சமஸ்கிருதம் எல்லாம் படிக்கணுமா என்று கேட்டேன், மேற்படிப்பு உறுதியானால் பார்க்கலாம், இப்போது வேண்டாம் என்றார். அது சரியா தப்பா என்று சொல்ல எனக்கு இன்னும் அனுபவம் போதாது. தர்மோத்தரரை மொழிபெயர்ப்பில் படிக்கும்போதெல்லாம் கொஞ்சம் உறுத்துகிறது.

இவ்வளவும் பணம் கொடுக்காமல் செய்துகொள்ள முடியுமா? பெரும்பகுதி முடியும். ஸ்டான்ஃபோர்ட் தத்துவக் கலைக்களஞ்சியம் 1995-லிருந்து இணையத்தில் இலவசமாக இருக்கிறது, ஒவ்வொரு தலைப்பும் அந்தத் துறையில் உழைத்தவர் எழுதியது. அதை முதல் நாளே தலையிலிருந்து கால்வரை படிக்காதீர்கள், தலைசுற்றும். முதல் பகுதியைப் படித்து, அடியில் இருக்கும் நூல்பட்டியலைப் பார்த்து, அதில் எது சின்னக் கட்டுரையோ அதைத் தேடிப் படியுங்கள். டெகார்ட்டின் பழைய மொழிபெயர்ப்பும் ஹியூம் காலத்து ஆங்கிலமும் கடிக்கிறதென்றால் ஜொனாதன் பென்னட் இன்றைய மாணவர்களுக்காக எளிமையாக்கித் தந்த பிரதிகள் இணையத்தில் இருக்கின்றன. கட்டுரை எழுதுவது எப்படி என்று தத்துவப் பேராசிரியர் ஜிம் பிரையர் போட்டிருக்கும் குறிப்பு ஒன்று போதும், மேடம் எனக்குப் போட்ட வட்டங்களில் பாதியை அதில் முன்கூட்டியே பார்த்திருக்கலாம்.

இலவசத்தில் கிடைக்காதது, உங்கள் பக்கத்தை எடுத்து வரி வரியாக அடிக்கிற ஒரு ஆள். அதனால் என் பரிந்துரை: முழுப் பேக்கேஜ் வேண்டாம், அமர்வை மட்டும் தனியாகத் தருவார்களா என்று கேளுங்கள், தந்தால் ஒன்று போதும், அந்த ஒன்றிலும் திட்டத்தைப் பற்றிப் பேசாமல் நீங்கள் எழுதின ஒரு பக்கத்தைக் கொடுத்து அடிக்கச் சொல்லுங்கள். அமர்வுக்கு நாலு நட்சத்திரம், திட்டத்துக்கு இரண்டு, அறிக்கைக்கு ஒன்றும் இல்லை.

ஆமாம், அந்த மின்னஞ்சல் வசதி. காண்ட் கருத்தரங்கு நடக்கப்போவதில்லை, திட்டத்தை மாற்றித் தாருங்கள் என்று முதல் வருடக் கடைசியில், கெடு முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கும்போதே எழுதினேன். மேடம் அங்கிருந்து விலகிவிட்டாராம், புதிய ஆலோசகர் தொடர்புகொள்வார், அதற்கு முன்னால் இதைப் பூர்த்தி செய்யவும் என்று ஒரு இணைப்பு வந்தது. திறந்தேன். முதல் கேள்வி, "தனிமையில் சிந்திக்கப் பிடிக்குமா?" உங்களுக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் எழுதி அனுப்பிவிட்டு, துறை அலுவலகத்துக்குப் போய் அட்டவணையை வாங்கிக்கொண்டு வந்தேன்.